பதில்: ஜிஎம்டி வாட்ச்சில் தேதி நண்பகலில் மாறுவது

இரண்டு நேர மண்டலங்களைக் காட்டும் ரோலக்ஸ் வாட்ச்சான ஜிஎம்டி மாஸ்டர் 2-ல் தேதி மதியம் 12-க்கு மாறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பழுதில்லை, மணி முள் 12 மணி நேரம் தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். தேதி பிணைந்திருப்பது உள்ளூர் மணி முள்ளோடு, இன்னொரு ஊரின் நேரத்தைக் காட்ட நாளுக்கு ஒரே முறை சுற்றும் 24 மணி முள்ளோடு அல்ல.

கிரௌனை (வாட்ச்சின் பக்கவாட்டுத் திருகு) திருகித் தளர்த்தி முதல் சொடுக்குக்கு இழுங்கள். மணி முள் மட்டும் ஒவ்வொரு மணியாகத் தாவும். தேதி மாறும் வரை முன்னே நகர்த்துங்கள். அந்த 12-தான் நள்ளிரவு. அங்கிருந்து எண்ணுங்கள். இப்போது பிற்பகல் என்றால் 12-ஐ இன்னொரு முறை கடக்க வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தேதியைத் தனியாக மாற்றும் வசதி இதில் இல்லை; முள்ளைப் பின்னால் சுற்றினால் தேதியும் பின்னால் போகும்.

24 மணி முள் சரியாக இருந்தால் கிரௌனை முழுக்க இழுக்காதீர்கள், வாட்ச் நின்றுவிடும். நிமிட முள் ஒன்றுதான் என்பதால் இரண்டு ஊர்களுக்கு இடையே அரை மணி வித்தியாசம் வந்தால் அதை மனக்கணக்காகத்தான் போட வேண்டும். முடித்ததும் கிரௌனை அழுத்தித் திருகி மூடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் புகலாம்.