732ஆம் இலக்கத்தில் ஆர்ட்டே

வணக்கம் ஐயா,

ஜேர்மனியில் ஹம் நகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். 2024 ஜூலையோடு வாடகையில் சேர்ந்து வந்த கேபிள் இணைப்பு நின்றுபோனது. பால்கனியில் அப்பா பூட்டிய 80 செ.மீ. டிஷ் இருந்தது. தமிழ் அலைவரிசைகளுக்காக 13 பாகை கிழக்கைப் பார்த்து நின்ற டிஷ் அது. அதை ஜேர்மன் அலைவரிசைகளின் செய்மதி நிற்கும் 19.2 பாகைக்குத் திருப்பித் தானியங்கித் தேடல் போட்டேன். ஆயிரத்துக்கு மேல் வந்து விழுந்தன, பல பூட்டியவை. 732ஆம் இலக்கத்தில் ஆர்ட்டே என்று ஒன்று. ஆழ்கடல் பற்றிய ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு விளம்பரம்கூட இல்லை. இப்படியொன்று இலவசமாக இருப்பதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

இது இப்படியே இலவசமாக இருக்குமா, பூட்டிவிடுவார்களா? பின்னேரங்களில் படம் சதுரம் சதுரமாக உடைகிறது, வேறு அலைவரிசைகள் சில நன்றாகவே வருகின்றன. காரணம் என்ன? இதுபோல் வேறு உண்டா? வீட்டுக்காரர் டிஷ்ஷைக் கழற்றச் சொன்னால் சட்டம் நம் பக்கமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நம் வீடுகளில் டிஷ் என்பது ஊர்ச் செய்திக்கும் தொடர்களுக்கும் பூட்டியது. ஜேர்மன் அலைவரிசைகள் கேபிளில் தாமாக வந்தன, ரிமோட்டோ முதல் பத்து இலக்கங்களைத் தாண்டிப் போவதில்லை. பிறகு யார் சொல்வது? ஆர்ட்டே புதிதும் அல்ல, ஒளிந்திருந்ததும் அல்ல. ஜேர்மனியும் பிரான்சும் சேர்ந்து தொடங்கியது. 1992 மே 30 முதல் ஒளிபரப்பாகிறது. தலைமையகம் ஸ்ட்ராஸ்பூர்க்கில்.

இலவசம் என்றுதான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கட்டுகிறீர்கள் அல்லவா, அதில் ஒரு பங்கு ஆர்ட்டேக்குத்தான் போகிறது. இத்தனை வருடமாகக் காசைக் கொடுத்துவிட்டு இப்போதுதான் பொருளை எடுக்கிறீர்கள். பொது ஒளிபரப்பாளர்களான ஏ.ஆர்.டி.யும் இசட்.டி.எஃப்.பும் அவற்றோடு சேர்ந்தவையும் 19.2இல் எச்.டி.யிலேயே திறந்து கிடக்கின்றன. நீங்கள் கண்ட பூட்டுகளில் ஒரு பகுதி தனியார் அலைவரிசைகளின் எச்.டி. வடிவங்கள். அவற்றுக்கு எச்.டி. பிளஸ் அட்டையோ சந்தாவோ வேண்டும். அதே தனியார் அலைவரிசைகளின் மங்கலான எஸ்.டி. வடிவம் பெரும்பாலும் பூட்டில்லாமல் கீழே எங்காவது கிடக்கும்.

பரணில் கிடக்கும் பழைய செய்மதிப் பெட்டியை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். ஏ.ஆர்.டி. 2025 ஜனவரி 7ஆம் திகதி செய்மதியில் எஸ்.டி. ஒளிபரப்பை நிறுத்தியது. இசட்.டி.எஃப். அதே ஆண்டு நவம்பரில் நிறுத்தியது. டி.வி.பி.-எஸ்2 (செய்மதி ஒளிபரப்பின் புதிய முறை) என்று எழுதியிருக்கும் பெட்டி அல்லது தொலைக்காட்சிதான் இனி உதவும். எஸ் என்று மட்டும் இருந்தால் எவ்வளவு தேடினாலும் ஆர்ட்டே வராது.

இனிப் படம் உடைவது. ‘சிக்னல் வீக்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் பெரிய டிஷ் வாங்குகிறவர்கள் பலர். அது வீண் செலவு. எது உடைகிறது, அதே நேரத்தில் எது உடையவில்லை என்று பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். அதற்கு நான்கு அலைவரிசைகள் போதும். ஆர்ட்டே எச்.டி. இருப்பது 11494 மெகாஹேர்ட்ஸ், கிடைமட்டம் (அலை அதிரும் திசை). ஏ.ஆர்.டி.யின் முதன்மை அலைவரிசையான டாஸ் எர்ஸ்டேயும் அதிலேதான். ஃபீனிக்ஸ் எச்.டி. 11582, கிடைமட்டம். இசட்.டி.எஃப். எச்.டி. 11362, கிடைமட்டம். த்ரீசாட் எச்.டி. 11347, செங்குத்து. தேடலில் கேட்கும் சிம்பல் ரேட் எல்லாவற்றுக்கும் 22000.

டிஷ்ஷின் முன்னால் இருக்கும் சிக்னல் வாங்கியான எல்.என்.பி. இந்த மெகாஹேர்ட்ஸ் எண்கள் ஒவ்வொன்றிலிருந்தும் 9750ஐக் கழித்துத்தான் கேபிளுக்குள் அனுப்புகிறது. ஆகவே உங்கள் கேபிளில் ஆர்ட்டே 1744இல் ஓடுகிறது, ஃபீனிக்ஸ் 1832இல். இசட்.டி.எஃப். 1612, த்ரீசாட் 1597. கைத்தொலைபேசிகளின் 1800 பட்டையில் போன் கோபுரத்துக்கு அனுப்புவது 1710 முதல் 1785 வரை, கோபுரம் போனுக்கு அனுப்புவது 1805 முதல் 1880 வரை. ஆர்ட்டே முதல் பட்டைக்குள்ளும் ஃபீனிக்ஸ் இரண்டாவதுக்குள்ளும் நேராக விழுகின்றன. மற்ற இரண்டும் வெளியே நிற்கின்றன. கேபிளின் கவசம் சரியாக இருந்தால் இதனால் ஒன்றும் ஆகாது. கவசத்தில் ஓட்டை இருந்தால் போனின் அலை உள்ளே நுழைந்துவிடும். பின்னேரத்தில் எல்லோரும் வீட்டில், எல்லோர் கையிலும் போன், உள்ளே சிக்னல் குறைவென்றால் போன் இன்னும் உரக்கக் கத்தும்.

வாடகை வீடு, பால்கனி டிஷ் என்றதும் நான் முதலில் சந்தேகிப்பது ஜன்னல் இடுக்கில் நுழைக்கும் தட்டையான கேபிள் துண்டை. சுவரில் துளை போடாமல் தப்பிக்க எல்லோரும் வாங்குவது அது. கவசம் சொல்லும்படி இருக்காது. ஜன்னலை அடைத்துத் திறக்கையில் மடிந்து மடிந்து அதுவும் போய்விடும். போன்களையெல்லாம் விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட்டு ஆர்ட்டேயைப் பாருங்கள். உடைவது நின்றால் காரணம் அதுதான். ஃபீனிக்ஸுக்கு இந்தச் சோதனை உதவாது, அதைக் கெடுப்பது கோபுரம். கதவுச் சட்டத்தில் ஒரு துளைக்கு வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி முழுக் கேபிளையே ஒரே நீளமாக இழுப்பதுதான் சரியான தீர்வு. முடியாவிட்டால் கவசம் கூடிய தட்டைத் துண்டை வாங்கி, போன் சார்ஜரை ஜன்னலோரத்திலிருந்து அகற்றுங்கள்.

அடுத்த சந்தேகம் எஃப் இணைப்பிகள், அதாவது கேபிள் முனையில் திருகும் உலோகத் தலைகள். கேபிளின் கவசப் பின்னலில் ஒரே ஒரு கம்பி நடுக்கம்பியைத் தொட்டாலும் வேலை கெட்டுவிடும். நடுக்கம்பி தலையின் விளிம்பைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நீண்டிருக்க வேண்டும். 7 மி.மீ. கேபிளுக்கு 7 மி.மீ. தலைதான், பெரியதை வாங்கி நாடா சுற்றிச் சமாளிக்கக் கூடாது. எல்.என்.பி. அருகே பச்சைப் பூஞ்சணம் போல் தெரிந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அந்த முனையை வெட்டிப் புதுத் தலை போட்டு, கேபிளைக் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலேற்றுங்கள். மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

ஆர்ட்டே, ஃபீனிக்ஸ், இசட்.டி.எஃப். மூன்றும் மறைந்து த்ரீசாட் மட்டும் நின்றால் கதை வேறு. செங்குத்துக்கு எல்.என்.பி.க்கு 13 வோல்ட் போதும், கிடைமட்டத்துக்கு 18 வேண்டும். அந்த 18 போய்ச் சேரவில்லை: துருப்பிடித்த இணைப்போ, பழுதான எல்.என்.பி.யோ, சில வேளைகளில் பெட்டியோ. நான்கும் மழையில் மட்டும் உடைந்தால் டிஷ் துல்லியமாகத் திரும்பவில்லை. எச்.டி.யை அலையில் ஏற்றும் 8பிஎஸ்கே முறைக்கு எஸ்.டி.யைவிடத் தூய்மையான சிக்னல் தேவை. அதனால் அப்போது தனியார் எஸ்.டி. அலைவரிசைகள் வரும்போதே ஆர்ட்டே உடையலாம்.

நீங்கள் திருப்பிய அளவையும் சரிபாருங்கள். ஹம்மிலிருந்து 13 பாகைச் செய்மதிக்கும் 19.2க்கும் இடையே கிடைத்திசையில் சுமார் 8 பாகைதான். 48 மி.மீ. குழாயில் பூட்டிய டிஷ்ஷென்றால் பிடி நகர வேண்டியது 3 மில்லிமீற்றர் சொச்சம். டிஷ்ஷின் பின்னால் நின்று பார்த்தால் இடப்பக்கம். உயரம் ஒரு பாகைக்குள் கீழே இறங்கும், 30 பாகைக்கு வரும். ஒரு பாகை பிசகு என்பது குழாயில் அரை மில்லிமீற்றரும் இல்லை என்பதால் முதலில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். திருகை ஒரேயடியாகத் தளர்த்தாமல், ஒருவர் மெல்ல நகர்த்த, இன்னொருவர் திரையில் சிக்னலின் தரத்தைப் பார்த்துச் சொல்லட்டும். பலத்தின் எண் ஏமாற்றும், தரத்தின் எண்ணை மட்டும் பாருங்கள். முறுக்கி இறுக்கும்போதே டிஷ் நகரும், இறுக்கிய பின் மறுபடி பாருங்கள்.

திசைமானி வேண்டாம், பால்கனி இரும்பு அதைக் குழப்பும். குளிர்காலத்தில் உங்கள் ஊரில் காலை பதினொன்றரை மணியளவில் சூரியன் நிற்கும் திசைதான் 19.2இன் திசை. அந்தத் திசையில் மரமோ கட்டடமோ 10 மீற்றர் தள்ளி இருந்தால் டிஷ்ஷைவிட 5.8 மீற்றருக்கு மேல் உயரக் கூடாது. ஜனவரியில் நன்றாக வந்து மே மாதத்தில் கெடும் படத்துக்குக் காரணம் இலை. மார்ச் தொடக்கத்திலும் அக்டோபரிலும் சில நாட்கள் நண்பகலை ஒட்டிச் சில நிமிடம் எல்லாமே போனால் ஒன்றும் செய்யாதீர்கள். சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வருகிறது, அவ்வளவுதான்.

இதுபோல் வேறு எவை என்றால், ஃபீனிக்ஸ் 1997இலிருந்து ஏ.ஆர்.டி.யும் இசட்.டி.எஃப்.பும் சேர்ந்து நடத்துவது. பாராளுமன்ற நேரலை இல்லாத வேளைகளில் ஆவணப்படம்தான். இசட்.டி.எஃப். இன்ஃபோவில் நாள் முழுவதும் ஓடும், ஆனால் இரண்டாம் உலகப் போரை அவர்கள் விடவே மாட்டார்கள். த்ரீசாட் விஞ்ஞானத்துக்கு நல்லது. கபெல் ஐன்ஸ் டோக்கு போன்ற தனியார் எஸ்.டி. அலைவரிசைகளில் விளம்பரத்துக்கு நடுவே லாரியும் பாலமும் வரும், பார்க்கலாம். ஆர்ட்டேக்கு இவற்றில் ஒன்றும் ஈடில்லை என்பது என் எண்ணம். சனிக்கிழமை 20.15க்கு வைத்துப் பாருங்கள், வரலாறு, அகழாய்வு என்று நீளமான படங்கள் போடுவார்கள். பிரான்சிலிருந்து உறவினர் வந்தால் ஒலித்தடத்தைப் பிரெஞ்சுக்கு மாற்றலாம். 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் மாநிலங்களின் ஒளிபரப்பு ஒப்பந்தப்படி ஃபீனிக்ஸ், இன்ஃபோ உள்ளிட்ட நான்கு தகவல் அலைவரிசைகள் இரண்டாகக் குறையப் போகின்றன. ஒருநாள் ஒன்றைக் காணவில்லையென்றால் டிஷ்ஷைத் தொடாமல் தேடலை மட்டும் மறுபடி போடுங்கள்.

வீட்டுக்காரர் விடயத்தில் கொஞ்சம் கவனம். 1994 பெப்ரவரி 9இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு துருக்கியக் குடியிருப்பாளரின் வழக்கில், தாய்நாட்டு அலைவரிசைகளைப் பெற டிஷ் வைக்கும் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்தது. அப்பா காலத்து டிஷ்ஷுக்கு அந்த வாதம் பொருந்தியிருக்கும். ஜேர்மன் அலைவரிசைகளைப் பார்க்கும் டிஷ்ஷுக்குப் பொருந்தாது, அவை கேபிளிலும் இணையத்திலும் வருகின்றனவே. தீர்ப்பைக் காட்டி வாதாடாமல் அனுமதியை எழுத்தில் கேளுங்கள். துளையிடாத நிலைத்தாங்கியில், பால்கனித் தடுப்புக்கு உட்புறம் வைப்பதாகச் சொன்னால் மறுப்பது குறைவு.

கடைசியாக அந்த 732. தேடலைத் தானியங்கியாக விடாமல் கைமுறையில் மேலே சொன்ன நான்கு மெகாஹேர்ட்ஸ் எண்களையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள், குப்பை சேராது. ஆர்ட்டேயை 7இலோ 8இலோ நிறுத்திவிட்டு, பட்டியலை யு.எஸ்.பி.யில் ஏற்றி வையுங்கள். இரவில் தானாகப் பட்டியலைப் புதுப்பிக்கும் தெரிவையும் மெனுவில் அணைத்துவிடுங்கள். பல தொலைக்காட்சிகளில் அது திறந்தே வரும், விட்டால் காலையில் ஆர்ட்டே மறுபடி எழுநூற்றுச் சொச்சத்துக்குப் போயிருக்கும்.