லியாங்ஷானைச் சுற்றியிருந்த ஏரி எங்கே போனது?

கேள்வி: சீனத்தின் 'ஷுய்ஹு' நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து முடித்தேன். 108 வீரர்கள் அரண் அமைத்துக்கொண்ட லியாங்ஷான் சதுப்பு ஏரியை நேரில் பார்க்க ஆசை. அலுவலக வேலையாக ஷாண்டோங் மாகாணத்தின் ஜினான் நகருக்குப் போகிறேன். வேலை முடிந்தபின் இரண்டு நாள் கையில் இருக்கும். ஆனால் செயற்கைக்கோள் படத்தில் லியாங்ஷானைச் சுற்றி வயலும் வீடுகளும்தான் தெரிகின்றன. நாவல் சொல்லும் 800 லீ (பழைய சீனத் தூர அளவு) நீர்ப்பரப்பு என்பது வெறும் கற்பனைதானா? அவ்வளவு தூரம் போவது வீணா?

பதில்: வீண் இல்லை, கட்டாயம் போங்கள். ஆனால் லியாங்ஷான் மலையடியில் நின்று தண்ணீரைத் தேடாதீர்கள். அங்கே பார்க்க வேண்டியது மண்ணை. தண்ணீரின் மிச்சம் வடக்கே 20, 25 கிலோமீட்டர் தள்ளி, தோங்பிங் ஏரி என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. இரண்டையும் பார்த்தால்தான் நாவலின் ஏரி பிடிபடும்.

உங்களுக்கு வந்த சந்தேகம் 17ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சீன அதிகாரிக்கு வந்தது. லியாங்ஷானுக்கு அருகில் இருந்த ஷோசாங் என்ற வட்டத்தின் நிர்வாகி அவர். தன் வட்டத்தின் வரலாற்றைத் தொகுத்தபோது, "இந்த ஏரி பத்து லீதான் இருக்கும், 800 லீ என்பது மக்களை மயக்கும் நாவல் கதை" என்ற பொருளில் எழுதி வைத்தார். அதே காலத்தில் வாழ்ந்த பேரறிஞர் கூ யான்வூ (1613–1682) அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அந்தப் பகுதியில் நடந்து திரிந்தவர் அவர். பழங்காலத்தில் நீர் தேங்கிக் கிடந்த நிலம் முழுவதும் ஓர் அடி விடாமல் உழப்பட்டிருக்கிறது, ஒரு காலத்தில் அது நீர்நிலையாக இருந்ததையே மக்கள் மறந்துவிட்டார்கள் என்று குறித்தார். ஐந்து வம்சங்கள், சோங், ஜின் ஆகிய அரச வம்சக் காலங்களின் (10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை) வரலாற்று நூல்களை அந்த நிர்வாகி புரட்டியே பார்க்கவில்லை என்று கண்டித்தார். என் பார்வையில் கூ யான்வூ சொன்னதே சரி. இதில் நாவலாசிரியர் பொய் சொல்லவில்லை, நிலம்தான் மாறிவிட்டது.

எப்படி மாறியது என்று தெரிந்துகொண்டு போனால் உங்கள் பயணத்துக்குப் பொருள் கூடும். லியாங்ஷானுக்குக் கிழக்கே தைஷான் மலையைச் சேர்ந்த மேட்டு நிலம். மேற்கே மஞ்சள் ஆறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வண்டலைக் கொட்டிக் கொட்டி உயர்த்திய சமவெளி. இரண்டுக்கும் இடையில் ஒரு நீண்ட பள்ளம். லியாங்ஷான் அந்தப் பள்ளத்தில் தனியாக நிற்கும் சிறு குன்றுக் கூட்டம். மிகப் பழைய காலத்திலேயே அங்கே 'பெருவெளிச் சதுப்பு' என்று ஒரு நீர்நிலை இருந்தது. சீனத்தின் ஆதி நூல்களுள் ஒன்றான ஆவண நூலில் அதற்குக் குறிப்பு உண்டு. கிழக்கிலிருந்து வென் ஆறு வந்து அதை நிரப்பியது. ஆனால் அதைக் கடல்போல விரித்தது மஞ்சள் ஆற்றின் உடைப்புகள்தான்.

944இல் ஆறு கரையை உடைத்துக்கொண்டு கிழக்கே பாய்ந்தது. ஐந்து மாவட்டங்களை மூழ்கடித்த நீர் லியாங்ஷானைச் சூழ்ந்து நின்றது. 1019இல் மீண்டும் உடைப்பு, மீண்டும் இதே பள்ளம். 1077இல் நடந்ததே மிகப் பெரியது: ஆற்றின் போக்கே திரும்பி லியாங்ஷான் சதுப்புக்குள் விழுந்து, அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை வடக்கேயும் ஒரு கிளை தெற்கேயும் ஓடியது. நாவலின் கதை நடக்கும் காலம் 1120ஐ ஒட்டியது. ஆகவே கதைக்காலத்தில் ஏரி பெரிய அளவில் இருந்தது என்பதில் ஐயம் வேண்டாம்.

சரி, 800 லீ? சோங் காலத்து லீ என்பது அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். நாவல் சொல்வது சுற்றளவு, நீளம் அல்ல. அப்படிப் பார்த்தால் 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கரை. சோங் வம்ச வரலாறு 'பல நூறு லீ' என்று மட்டும் சொல்கிறது. வெள்ளத்தோடு விரிந்து கோடையில் சுருங்கும் சதுப்புக்குத் துல்லியமான சுற்றளவு கேட்பதே பொருந்தாது. ஆனால் 800 என்ற எண்ணை நாவலாசிரியர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டின் பெரும் சீர்திருத்த அமைச்சர் வாங் ஆன்ஷியைப் பற்றி ஒரு செய்தியைச் சோங் காலத்தவர்களே பதிந்திருக்கிறார்கள். லியாங்ஷான் ஏரியின் 800 லீ நீரை வடித்துவிட்டு வயலாக்கினால் பெரும் லாபம் என்று ஒருவர் அவரிடம் யோசனை சொன்னார். அமைச்சருக்கு மகிழ்ச்சி. ஆனால் வடிக்கும் நீரை எங்கே விடுவது என்று கேட்டார். அருகில் இருந்த அறிஞர் லியூ பான், "பக்கத்திலேயே இன்னொரு 800 லீ ஏரியை வெட்டிவிட்டால் போயிற்று" என்றார். அமைச்சர் சிரித்துவிட்டார், பேச்சு அத்தோடு நின்றது. நாவல் எழுதப்படுவதற்கு முன்பே 'லியாங்ஷான் 800 லீ' என்பது தலைநகரில் எல்லாருக்கும் தெரிந்த தொடராக இருந்தது என்பதற்கு இது போதும்.

இன்னொரு பதிவு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 1121இல் இறந்த யாங் ஜியான் என்ற அரண்மனை அதிகாரியின் வாழ்க்கைக் குறிப்பில் அது வருகிறது. ஏரியைச் சுற்றியிருந்த மாவட்டங்களின் மக்கள் கோரைப்புல்லையும் மீனையும் நம்பி வாழ்ந்தார்கள். அவர் அந்த நீர்ப்பரப்புக்கு வரி விதித்தார். படகுகளை எண்ணிப் பணம் பிடுங்கினார். கட்டாதவர்களைத் திருடர்களாகக் கைது செய்தார். வெள்ளம், வறட்சி என்று மற்ற வரிகள் தள்ளுபடி ஆனாலும் இந்த வரிக்கு விலக்கு கிடையாது. இதைப் படித்த பிறகு நாவலில் ருவான் சகோதரர்கள் மூவரும் பேசும் பகுதியைத் திரும்பப் படியுங்கள். அதிகாரிகள் ஊருக்குள் வந்தாலே நல்ல மக்களின் பன்றியையும் ஆட்டையும் கோழியையும் முதலில் தின்று தீர்க்கிறார்கள் என்று அந்த மீனவர்கள் குமுறுவார்கள். அந்தக் கோபத்துக்கு அடியில் உண்மையான நிலமும் உண்மையான வரியும் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏரி உண்மை, 108 வீரர்களின் தலைவன் சோங் ஜியாங்கும் உண்மை, ஆனால் அவன் இந்த மலையில் இருந்தான் என்பதற்கு அரசு வரலாற்றில் சான்று இல்லை. அதில் வரும் சோங் ஜியாங் 36 பேரோடு மாவட்டம் மாவட்டமாகப் பாய்ந்து தாக்குபவன். 1121இல் கிழக்குக் கடலோரத்தில் ஹைசோ என்ற இடத்தில் ஆளுநர் சாங் ஷூயே அவனை மடக்கிச் சரணடைய வைத்தார். லியாங்ஷானோடு அவனை இணைத்தது கதைசொல்லிகளின் மரபு. அந்த மரபின் பழைய கதைத்தொகுதி ஒன்று 'தைஹாங் மலை லியாங்ஷான் ஏரி' என்று எழுதுகிறது. தைஹாங் மலைத்தொடரோ மேற்கே வெகுதூரத்தில் இருக்கிறது! இரண்டு கொள்ளையர் கதைகள் ஒன்றாகக் கலந்த தடம் அது என்று கொள்வதே பொருத்தம்.

இனி ஏரியின் சாவு. 1128இல் வடக்கே இருந்த ஜின் அரசின் படை தெற்கே முன்னேறி வந்தபோது, அதைத் தடுக்கச் சோங் தளபதி தூ சோங் மஞ்சள் ஆற்றின் கரையை உடைத்துவிட்டார். ஆறு தெற்கே திரும்பி ஹுவாய் ஆற்றோடு கலக்கத் தொடங்கியது. வரத்து குறைந்தது. 1181ஆம் ஆண்டுக்குரிய பதிவொன்று, லியாங்ஷான் ஏரியில் நீர் வடிந்து பரந்த நிலம் வெளிப்பட்டுவிட்டதாகவும் அங்கே குடியேற்றிப் பயிர் செய்ய ஆட்கள் அனுப்பப்பட்டதாகவும் சொல்கிறது. 1344இல் பெரிய உடைப்பு ஏற்பட்டு இந்தப் பகுதி திரும்பவும் மூழ்கியது. நாவலின் ஆசிரியராகக் கருதப்படும் ஷி நாயான் வாழ்ந்ததும் அந்த 14ஆம் நூற்றாண்டில்தான். பிறகு 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிங் அரசு ஆற்றின் வடகரையில் நீண்ட அணை எழுப்பியதும் நீர் வரும் வழி அடைபட்டது. ஒவ்வொரு உடைப்பும் நீரோடு வண்டலையும் கொண்டுவந்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் அளவீடுகளில் மஞ்சள் ஆறு ஆண்டுக்குச் சராசரியாக 160 கோடி டன் வண்டலைச் சுமந்தது என்றால், ஒரு பள்ளம் எவ்வளவு காலம் பள்ளமாக இருக்க முடியும்? ஏரியைப் பெரிதாக்கிய அதே ஆறுதான் அதைத் தூர்த்தது.

இப்போது உங்கள் இரண்டு நாள். முதல் நாளைத் தோங்பிங் ஏரிக்குக் கொடுங்கள். 1855இல் மஞ்சள் ஆறு மறுபடியும் வடக்கே திரும்பி இன்றைய தடத்துக்கு வந்தபின், அதன் நீர் பின்வாங்கித் தேங்கியதில் உருவானது இந்த ஏரியின் இன்றைய வடிவம். பழைய சதுப்பின் வடமூலையில் மிஞ்சிய பகுதி என்றே இதைக் கருதுகிறார்கள். 1958இல் இதை வெள்ளத் தேக்கமாகக் கட்டமைத்தார்கள். மொத்தப் பரப்பு 627 சதுர கிலோமீட்டர். ஆனால் எப்போதும் நீர் நிற்பது 'பழைய ஏரி' எனப்படும் 209 சதுர கிலோமீட்டரில் மட்டும். மீதி 'புதிய ஏரி' பெயருக்குத்தான் ஏரி. அங்கே ஊர்கள் இருக்கின்றன, கோதுமை விளைகிறது. மஞ்சள் ஆற்றில் கட்டுக்கடங்காத வெள்ளம் வந்தால் மட்டும் அதற்குள் நீரைத் திருப்பிவிடுவார்கள். 1982 வெள்ளத்தில் பழைய ஏரிக்குள் ஆற்று நீரைத் திறந்தார்கள். நாவலின் சதுப்பு இன்றும் அரசுக் கணக்கில் ஆற்றுக்கென ஒதுக்கிய நிலம் என்பது இந்தப் பயணத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மிகப் பெரிய செய்தி. ஏரியில் படகு எடுத்து நாணல்கள் பக்கம் போகச் சொல்லுங்கள். கரையில் தொலைக்காட்சித் தொடருக்காகக் கட்டிய சோங் காலத்து நகர அரங்கம் ஒன்று உண்டு. நேரம் இருந்தால் மட்டும் நுழையுங்கள், படகைத் தவிர்த்துவிட்டு அங்கே போகாதீர்கள்.

இரண்டாம் நாள் லியாங்ஷான். ஜினானிலிருந்து நேர்கோட்டில் சுமார் 130 கிலோமீட்டர் தென்மேற்கே. இரண்டு நாளுக்கும் வாடகைக் கார் பேசிவிடுவதே நல்லது, ஏனென்றால் நீங்கள் பார்க்க வேண்டிய இடங்கள் ஒரே சாலையில் இல்லை. மலையின் உயரம் 200 மீட்டரைத் தொடாது. முதல் பார்வைக்கு ஏமாற்றமாக இருக்கும். இதையா அரசுப் படை பிடிக்க முடியவில்லை என்று தோன்றும். மேலே இருக்கும் வீரர்கள் கூடும் 'நீதி மண்டபம்', கருங்காற்றுக் கணவாய், சிலைகள் எல்லாம் சுற்றுலாவுக்காகக் கட்டியவை. அவற்றைப் பார்த்துவிட்டு உச்சியில் நின்று நாலாபுறமும் பாருங்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் மட்டமான சமவெளி. லாரி டிரெய்லர் தயாரிப்புக்குப் பேர்போன தொழில் நகரம் கீழே. அந்தச் சமவெளி முழுவதையும் நீராக எண்ணிப் பாருங்கள். அப்போது இந்தக் குட்டி மலை எப்படி எட்ட முடியாத தீவாக நின்றது என்பது புரிந்துவிடும். அரணாக இருந்தது மலையின் உயரம் அல்ல, அதைச் சுற்றி நின்ற நீர்.

மலையிலிருந்து இறங்கியதும் வடமேற்கே மஞ்சள் ஆற்றின் கரைக்கு அவசியம் போங்கள். சுற்றுலா வழிகாட்டிகள் அங்கே அழைத்துப் போக மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். கரைமேல் ஏறி நின்று ஒரு பக்கம் ஆற்றுப் படுகையையும் மறுபக்கம் வயலையும் பாருங்கள். படுகை வயலைவிட உயரத்தில் இருக்கும். கரை உடைந்தால் நீர் எங்கே ஓடும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நேரம் மிஞ்சினால் ஆற்றைக் கடந்து யாங்கு பக்கம் போகலாம். நாவலின் வீரர்களுள் ஒருவனான வூ சோங் புலியைக் கொன்ற ஜிங்யாங் மேடு அங்கே இருக்கிறது. அதே மேட்டில் புதிய கற்காலத்து லோங்ஷான் பண்பாட்டைச் சேர்ந்த மதில் சூழ்ந்த குடியிருப்பு ஒன்றைத் தொல்லியலாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். புலியைவிடப் பல ஆயிரம் ஆண்டு பழையது. சோங் ஜியாங்கின் சொந்த ஊராகச் சொல்லப்படும் யூன்செங், லியாங்ஷானுக்குத் தென்மேற்கே முப்பது கிலோமீட்டருக்குள்தான். மற்றபடி, நாவலில் வரும் வழிகளை வைத்துப் பயணத் திட்டம் போடாதீர்கள். வூ சோங் வடக்கே சாங்சோவிலிருந்து சிங்ஹேவுக்கு வீடு திரும்புகிறான். யாங்கு சிங்ஹேவைத் தாண்டித் தெற்கே இருக்கிறது, அந்த வழியில் வரவே வராது. தாமிங் நகரிலிருந்து தலைநகர் கைஃபெங்குக்குப் பிறந்தநாள் பரிசு கொண்டுபோகும் கூட்டம் தென்மேற்கே போகாமல் தென்கிழக்கே யூன்செங் பக்கம் வந்து கொள்ளை போகிறது. மலைகளும் ஊர்களும் உண்மை. அவற்றுக்கு இடையிலான தூரமும் திசையும் கதையின் வசதிக்கு.

பருவம் பற்றி: தாமரை பார்க்க வேண்டுமானால் ஜூலை, ஆகஸ்ட், ஆனால் வெயிலும் புழுக்கமும் கடுமை. சோங் காலக் கவிஞர் சூ ஜே இந்த ஏரியின் தாமரைகளைப் பார்த்துத் தெற்கத்திச் சீமையை நினைத்துக் கவிதை எழுதியிருக்கிறார். நடப்பதற்கு அக்டோபர் நடுப்பகுதி நல்லது. அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை. அந்த வாரத்தைத் தவிருங்கள்.

ஜினானில் அரை நாள் மிஞ்சினால் அதை ஷாண்டோங் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். 1956இல் லியாங்ஷான் வட்டத்தில் சோங்ஜின் ஆற்றுப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த மரக்கப்பல் ஒன்று அங்கே இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 22 மீட்டர். அதோடு கிடைத்த இரும்பு நங்கூரத்தில் மிங் பேரரசர் ஹோங்வூவின் ஐந்தாம் ஆண்டு, அதாவது 1372 என்று பொறித்திருக்கிறது. சோங் ஜியாங்கின் காலத்துக்கு 250 ஆண்டு பிந்திய மிங் அரசுக் கப்பல்தான். ஆனால் இன்று கோதுமை விளையும் வட்டத்தில் அவ்வளவு பெரிய கப்பல் ஓட ஒரு காலத்தில் தண்ணீர் இருந்தது என்பதற்குத் தொட்டுணரக்கூடிய சான்று அது. அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நுழைவுப் பதிவுக்குப் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருங்கள்.