மழைக்கோட்டில் ‘பிஎஃப்ஏஎஸ் இல்லை’ என்று போட்டிருப்பது வெறும் விளம்பரமா?

மன்னார்குடி ஐப்பசி அடைமழைக்குக் கோட்டு தேடும் உங்களுக்கு: வெறும் விளம்பரம் இல்லை. துணிமேல் தண்ணீர் முத்தாக உருண்டோட, நெடுங்காலம் பிஎஃப்ஏஎஸ் எனப்படும் புளோரின் சேர்மங்களைத்தான் பூசினார்கள். அவை மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடும். அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ 2019இல், சிதையாத நச்சு வேதிப்பொருள்களை ஒழிப்பதற்கான பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறியது. இப்போது மெழுகு, சிலிகோன் பூச்சுகள் வந்துவிட்டன. மழைக்குப் போதும், எண்ணெய்ப் பிசுக்குக்கு நிற்காது, அதனால் அடிக்கடி துவைக்க வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது சாயம். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் வழியாக நம் காவிரிக்குத்தானே வந்தது? (2011இல் உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.) பாலியஸ்டரை உருக்கி நூலாக இழுக்கும்போதே நிறத்தைக் கலந்துவிட்டால் சாயத்தொட்டியே தேவையில்லை, தண்ணீரும் வெகுவாக மிச்சம். ‘பழைய பாட்டிலில் நெய்தது’ என்ற அட்டையைவிட, இந்த முறையில் நிறமேற்றியதா என்றுதான் நான் கேட்பேன். கடைக்காரர் முழிப்பார், பரவாயில்லை.