நகரக் கட்டடங்கள் சேர்ந்து இணைமின் நிலையம் (மின்சாரம் எடுக்கும்போது வரும் சூட்டையும் பயன்படுத்தும் நிலையம்) வைத்து வெப்பமும் குளிர்ச்சியும் பெறுவது கட்டுப்படியாகுமா?

வெப்பத்துக்கு என்றால் கட்டுப்படியாகும், அதுவும் கட்டடங்கள் நெருக்கமாக இருந்தால். குளிர்ச்சிக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் ஆகாது.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எரிவாயு எஞ்சினில் 100 பங்கு எரிபொருள் போட்டால் சுமார் 40 பங்கு மின்சாரம் வரும், இன்னொரு 45 பங்கைச் சூடாகப் பிடித்துக்கொள்ளலாம். அந்தச் சூட்டை நேரடியாகக் கட்டடங்களுக்கு அனுப்பினால் பாய்லரில் எரித்திருக்க வேண்டிய 50 பங்கு எரிபொருள் மிச்சம். நல்ல லாபம்தான். அதே 45 பங்கை லித்தியம் புரோமைடு என்ற உப்பை வைத்து ஓடும் சாதாரண அப்சார்ப்ஷன் சில்லரில், அதாவது சூட்டைக் கொண்டே குளிர்ச்சி உண்டாக்கும் இயந்திரத்தில், கொடுத்தால் 30 பங்கு குளிர்ச்சி கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் நல்ல மின்சார சில்லர் ஒன்று அதே 30 பங்கை வெறும் 6 பங்கு மின்சாரத்தில் தந்துவிடும். அந்த 6 பங்கை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை குழாய், பெரிய கூலிங் டவர், பராமரிப்பு எல்லாம். 'எப்படியும் வீணாகிற சூடுதானே, குளிர்ச்சி இலவசம்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

அடுத்தது குழாய். மின்சாரத்தைக் கம்பியில் எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம், சுடுநீருக்கு அது நடக்காது, தெருவைத் தோண்டிக் காப்புறையிட்ட குழாய் பதிக்கிற செலவில்தான் பல திட்டங்கள் படுத்துவிடுகின்றன. கோபன்ஹேகனில் ஏறக்குறைய எல்லாக் கட்டடங்களும் பொது வெப்பக் குழாயில் இருக்கின்றன என்றால், எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1979-ல் டென்மார்க் வெப்ப வழங்கலுக்கென்றே தனிச் சட்டம் போட்டதும் கட்டடங்களை இணையச் சொல்ல நகராட்சிகளுக்கு அதிகாரம் இருந்ததும் பெரிய காரணம். நியூயார்க்கில் 1882-ல் தொடங்கிய நீராவிக் குழாய்கள் இன்னும் மன்ஹாட்டனுக்கு அடியில் ஓடுகின்றன, கட்டடங்கள் நெருக்கமான அந்த இடத்தில் அது தாங்குகிறது. தள்ளித் தள்ளி வீடுகள் இருக்கிற புறநகரில் தாங்காது.

அப்புறம், எஞ்சின் வருடத்துக்கு 4,000, 5,000 மணி நேரமாவது ஓடினால்தான் போட்ட பணம் திரும்பும். வெறும் அலுவலகக் கட்டடங்களாக இருந்தால் இது கஷ்டம். மருத்துவமனை, ஹோட்டல், நீச்சல்குளம் போல வருடம் முழுக்கச் சுடுநீர் கேட்கிற ஒன்றிரண்டு கூட்டாளிகள் வேண்டும்.

இன்னொன்று, எஞ்சினை விடக் குழாய் நெடுநாள் வாழும். ஹெல்சிங்கியில் நிலக்கரி நிலையங்களை மூடிவிட்டார்கள், குழாய்கள் அப்படியே இருக்கின்றன; கழிவுநீரின் சூட்டை எடுத்து ஹீட் பம்ப் (மிதமான சூட்டை மின்சாரத்தால் உயர்த்தித் தரும் இயந்திரம்) வழியாக அதே குழாய் வலையில் விடுகிறார்கள், அதே நிலையம் நகரத்துக்குக் குளிர்நீரும் தருகிறது. அதனால் இன்று தொடங்குவதாக இருந்தால் குறைந்த சூட்டில் ஓடும் குழாயாகப் போடச் சொல்வேன், பின்னால் ஹீட் பம்ப் மாட்ட அதுதான் வசதி. எஞ்சினைப் பதினைந்து இருபது வருடத்தில் கழற்றிவிடலாம்.

உங்கள் கட்டடங்களின் ஒரு வருட வெப்பத் தேவை, மணிக்கு மணி, கையில் இருக்கிறதா? இல்லையென்றால் ஆலோசகரைக் கூப்பிடுவதற்கு முன்னால் மீட்டர் மாட்டுங்கள்.