தங்கைக்கு ஸகாத் கொடுப்பது பற்றி

அன்புச் சகோதரருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கிருஷ்ணகிரியில் மளிகைக் கடை நடத்தும் நீங்கள், கணவரை இழந்து தருமபுரியில் தையல் வேலை செய்யும் தங்கைக்கு ஸகாத் (வசதியுள்ள முஸ்லிம்கள் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கட்டாயத் தருமம்) கொடுக்கலாமா, அதை அவரிடம் சொல்ல வேண்டுமா, அவர் திருப்பித் தராத கடனை அதில் கழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கொடுக்கலாம். பெற்றோர், பிள்ளைகள், மனைவி எனப் பராமரிக்க நீங்கள் கடமைப்பட்டவர்களுக்குத்தான் கூடாது. ஏழை உறவினருக்குக் கொடுப்பதில் தருமத்தின் நன்மையோடு உறவைப் பேணிய நன்மையும் சேரும் என்பது நபிமொழி. ஸகாத் என்று சொல்ல வேண்டியதில்லை, மனத்தில் நிய்யத் (ஸகாத் கொடுக்கிறேன் என்ற எண்ணம்) இருந்தால் போதும். ரமலானில் ஊரார் முன் வரிசையில் நிற்க அவர் கூசுவார் என்கிறீர்களே, அந்தத் தன்மானத்தைக் காப்பது உங்கள் பொறுப்பு. பணத்தை உறையிலிட்டு, வீட்டுக்குள் வைத்து அவர் கையிலேயே கொடுங்கள், பிறகு அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஏனெனில் சொல்லிக்காட்டுவது தருமத்தையே பாழாக்கும் என்று குர்ஆன் (2:264) எச்சரிக்கிறது.

கடனை மட்டும் இதில் கலக்காதீர்கள். வராத கடனைத் தள்ளுபடி செய்து, அதையே ஸகாத் என்று கணக்கெழுதுவதை அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. கொடுக்கும் பொருள் அவருடைய உடைமையாக வேண்டும். சிரமத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுப்பது இன்னும் நல்லது என்கிறது 2:280. ஆகவே அந்தக் கடனை ஸதகாவாக (விரும்பிச் செய்யும் தருமமாக) விட்டுவிட்டு, கடைச் சரக்கின் இன்றைய விற்பனை மதிப்பையும் ரொக்கத்தையும் கூட்டி, 2.5 சதவீதத்தைத் தனியே எடுத்துவையுங்கள்.