வாசகர் கேள்வி பதில்: கடலுக்கு அடியில் பறக்கும் தட்டா?

கேள்வி (கல்லடி வாசகி): ஐயா, பால்டிக் கடலுக்கு அடியில் பறக்கும் தட்டு ஒன்று விழுந்து கிடக்குது, கிட்டப் போனால் கமராவும் போனும் வேலை செய்யாது என்று முகநூலில் ஒரு வீடியோ ஓடுது. உயர்தரம் படிக்கிற என்ட மகன் முழுசா நம்பிட்டான். நான் இல்லை என்கிறேன், ஏன் இல்லை என்று சொல்லத்தான் தெரியல்ல. விளங்கப்படுத்துங்க.

பதில்: தங்கச்சி, மகன் சொல்வதில் பாதி உண்மை. 2011 ஜூனில் சுவீடனைச் சேர்ந்த 'ஓஷன் எக்ஸ்' குழு, மூழ்கிய கப்பல்களைத் தேடிப்போன இடத்தில், ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்தில், சுமார் 60 மீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஒன்று கிடப்பதைக் கண்டது. ஆனால் அதை அவர்கள் முதலில் கண்ணால் காணவில்லை, கமராவாலும் காணவில்லை, சோனாரில்தான் கண்டார்கள். மகனிடம் இதை முதலில் சொல்லுங்கள். சோனார் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் ஒலி எவ்வளவு பலமாக வருகிறது என்பதை வெளிச்சமும் இருட்டுமாகத் தீட்டிக் காட்டுகிற கருவி. மேட்டுக்குப் பின்னால் ஒலி படாத இடமெல்லாம், மாலை வெயிலில் நம் நிழல் நீளுவதுபோல, கறுப்பாக நீண்டு விழும். கருவியை இழுத்துப்போகும் படகின் வேகம் மாறினாலோ கேபிள் ஆடினாலோ உருவமும் இழுபட்டுப் போகும். வெறும் பாறைக்குச் சுவரும் படிக்கட்டும் முளைப்பது இப்படித்தான்.

அடுத்த வருடம் சுழியோடிகள் இறங்கிக் கல் எடுத்து வந்தார்கள். அவற்றைப் பரிசோதித்தவர் ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழகப் புவியியலாளர் வோல்கர் புரூஷெர்ட். பெரும்பாலானவை கருங்கல், நைஸ் (gneiss) எனும் வரிவரியான பாறை, மணற்கல். பனியுகத்தில் அந்தப் பகுதி முழுவதும் பெரும் பனிப்படலத்துக்கு அடியில்தான் கிடந்தது, பனி நகரும்போது பாறைகளை இழுத்து வந்து, உருகும்போது போட்டுவிட்டுப் போகும், அதனால் அங்கே இப்படிக் கற்கள் கிடப்பதில் அதிசயமில்லை. கருவிகள் நின்றுபோன கதை அந்தக் குழுவினரே சொன்னது. வீடியோவில் பளபளவென்று வருகிற தட்டு யாரோ கணினியில் வரைந்த படம். மகன் கோபிக்கக் கூடாது, அவன் வயதில் இதைத் தேடிப் பார்ப்பது நல்ல குணம். தேடுகிறவன் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தேடட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அவனுக்கு இன்னொரு படத்தையும் காட்டுங்கள். 1964 ஓகஸ்டில் 'எல்டனின்' என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல் தென் அமெரிக்காவின் ஹோர்ன் முனைக்கு மேற்கே கடலடியைப் படமெடுத்தபோது, 3,904 மீட்டர் ஆழத்தில், ஒரு நேரான தண்டும் அதில் வரிசையாகக் குறுக்குக் கைகளுமாக, அசல் ரிவி அன்ரனா போலவே ஒன்று நின்றது. வேற்றுக்கிரகத்தார் நட்டது என்று வருடக்கணக்காகப் பேசினார்கள். கடைசியில் அது ஊன் உண்ணும் கடற்பஞ்சு. ஆம், ஓர் உயிர்! வெளிச்சமே போகாத ஆழத்தில் அசையாமல் நின்று, அந்தக் கைகளில் ஒட்டுகிற சின்னஞ்சிறு இறால் வகைகளைப் பிடித்துத் தின்று வாழ்கிறது. யாரோ நட்டுவிட்டுப் போன இரும்புக் கம்பியைவிட இதுதான் எனக்குப் பெரிய அதிசயம், இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் மெய் சிலிர்க்கிறது.

கேள்வி (காத்தான்குடி மாணவி): கடலடி மணலில் கோலம் போட்டமாதிரி வட்டங்கள் இருக்கிறதாமே, அதை யார் செய்தது?

பதில்: ஒரு மீன், மகள். ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவருகே 1995 அளவில் சுழியோடிகள் கண்டு திகைத்த வட்டங்கள் அவை, ஒவ்வொன்றும் சுமார் 2 மீட்டர் அகலம். ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஆண் பேத்தை மீன், பெண் மீனைக் கவர, செட்டையாலும் உடம்பாலும் மணலைத் தள்ளித் தள்ளி ஒரு வாரத்துக்கும் மேலாகப் பாடுபட்டுக் கட்டுகிறது. பெண் மீன் வந்து வட்டத்தின் நடுவில்தான் முட்டையிடும்.

கேள்வி (வாழைச்சேனை மீனவர்): அண்ணன், நாங்க ஆழ்கடலுக்குப் போற ஆக்கள். ஒரு இடத்தில எப்பவும் வலை மாட்டிக் கிழியிது, மறுகா ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டரில பார்த்தால் கல்லுப் பார் மாதிரியும் இல்ல, கப்பல் மாதிரியும் இல்ல. என்னவாயிருக்கும்?

பதில்: இடத்தைப் பார்க்காமல் இதுதான் என்று சொல்வது சரியில்லை தம்பி. ஆனால் நம் கடலில் தேடிப் பார்க்க வேறு கிரகம் வரை போகத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையிலிருந்து வெளியேறி வந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹேர்மஸ்', ஜப்பானிய விமானங்களின் குண்டுகளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதில் இறந்தவர்கள் 307 பேர். தன்னைக் காக்க ஒரு விமானம்கூட அன்று அதில் இருக்கவில்லை. துணைக்கு வந்த அவுஸ்திரேலியக் கப்பல் 'வம்பயர்', பிரித்தானியச் சிறு போர்க்கப்பல் 'ஹொலிஹொக்', 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற எண்ணெய்க் கப்பல், எல்லாம் அதே நாளில் போயின. ஹேர்மஸ் இன்றைக்கும் 50 மீட்டருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில் சாய்ந்து கிடக்கிறது. 80 வருடத்துக்கு மேல் பவளமும் வலைத் துண்டும் மூடினால் கப்பல் கப்பலாகத் தெரியாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். இரும்புக்கோ பித்தளைக்கோ ஆசைப்பட்டு இறங்காதீர்கள். போர்க்கப்பலில் வெடிக்காத குண்டுகள் இருக்கலாம், உள்ளே இருப்பது மனிதர்களின் கல்லறை. ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்துக் கடற்படையிடமோ கடற்றொழில் திணைக்களத்திடமோ கொடுங்கள். மற்றப் படகுக்காரருக்கும் சொன்னால் அவர்கள் வலையாவது தப்பும்.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகர்): எல்லாத்தையும் இல்லை என்கிறீர்கள். கடலில் வேற்றுக்கிரக உயிர் இருக்கவே முடியாதா?

பதில்: இருக்கலாம், நான் அப்படிச் சொல்லவே இல்லையே! ஆனால் அது நம் கடலாக இல்லாமல் வேறு கடலாக இருக்கலாம். 1977இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே கடலடியில் சூடான நீர் ஊற்றுகளைக் கண்டார்கள். சூரிய வெளிச்சம் துளியும் இல்லாமல், பூமிக்குள்ளிருந்து வரும் இரசாயனங்களை நுண்ணுயிர்கள் உணவாக்க, அவற்றை நம்பிக் குழாய்ப் புழுக்களும் மட்டிகளும் கூட்டங்கூட்டமாக வாழ்ந்தன. வெயில் இல்லாமலும் உயிர் தழைக்கும் என்றால், வியாழனைச் சுற்றும் யுரோப்பா நிலவில், பனி ஓட்டுக்கு அடியில் இருப்பதாகக் கருதப்படும் உப்புக்கடலில் ஏன் தழைக்கக் கூடாது? நாசாவின் 'யுரோப்பா கிளிப்பர்' 2024 ஒக்டோபர் 14இல் புறப்பட்டுவிட்டது. உயிர் வாழத் தகுந்த இடமா அது என்று பார்க்கத்தான் போகிறது, 2030 ஏப்ரலில் வியாழனை அடைய வேண்டும். அந்த நிலவை 49 தடவை நெருங்கிக் கடக்கத் திட்டம்.