கால் மரத்துப்போகிறது: அரிஷ்டம் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. நாள் முழுக்க நின்றபடிதான். சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் கனத்து வீங்குகிறது. இடது கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டிருக்கிறது. ராத்திரியில் பாதம் மரத்து, ஜில்லென்று ஆகிவிடுகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். "ரத்த ஓட்டம் சரியில்லை, ஆயுர்வேத அரிஷ்டம் குடித்து, எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் சரியாகும்" என்கிறார்கள். வெந்நீரில் கால் வைத்தால் இதமாக இருக்கிறது. எந்த மருந்து வாங்கலாம்?

ஆயுர்வேத மருத்துவர் பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால், உங்கள் தொந்தரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வீக்கமும் புடைப்பும் ஒன்று. மரத்துப்போவதும் ஜில்லென்று இருப்பதும் வேறொன்றாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து "ரத்த ஓட்டம்" என்று சொல்லிவிடுவதால்தான் தப்பான மருந்து வீட்டுக்கு வந்து சேர்கிறது.

முதலாவது, வெரிகோஸ் வெயின். நீங்கள் நரம்பு என்று சொல்வது உண்மையில் சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய். காலுக்கு வந்த ரத்தம் மேலே திரும்ப வேண்டும். அதைத் தள்ளுவது கெண்டைத் தசை. கீழே இறங்காமல் பிடிப்பது சிரைக்குள் இருக்கும் வால்வுகள். அசையாமல் நின்றால் தசை வேலை செய்யாது, ரத்தம் தேங்கி நாளடைவில் வால்வு தளர்ந்துவிடும்.

இரண்டாவதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை. பாதம் ஜில்லென்று இருக்கும்போது வீட்டில் யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் குளிர்ந்தும் தொடுபவர் கைக்குக் கதகதப்பாகவும் இருந்தால், சர்க்கரையால் உணர்ச்சி நரம்பு பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். நாள்பட்ட மெட்ஃபார்மின் பி12 சத்தைக் குறைக்கலாம், அதனாலும் மரத்துப்போகலாம். தொடுபவருக்கும் குளிர்ந்திருந்தால், அல்லது கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால், தமனி (இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவருகிற குழாய்) அடைப்பா என்று பார்க்க வேண்டும். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்துப் பார்க்கிற ஏபிஐ என்ற எளிய பரிசோதனை இருக்கிறது, 0.9-க்குக் கீழே வந்தால் தமனி நோய் என்று கொள்ள வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குத் தமனி கெட்டிப்பட்டு அளவு கூடுதலாகவும் காட்டலாம் என்பதால், ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற டாப்ளர் ஸ்கேனும் தேவைப்படலாம். கூடவே பி12, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

சரி, ஆயுர்வேதத்துக்கு வருவோம். உடம்பெங்கும் ரத்தத்தை ஓடவைப்பது வாதத்தின் ஒரு வகையான வியான வாயு என்பது எங்கள் கணக்கு. வாதத்தைத் தணிப்பதுதான் வைத்தியத்தின் அடிப்படை. வெரிகோஸுக்குக் கேரள வைத்தியர்கள் அதிகம் எழுதுவது சஹசராதி கஷாயம். கருங்குறிஞ்சி வேர், தேவதாரு, சுக்கு என்று மூன்றே சரக்கு. கால் கனமும் குடைச்சலும் குறைய உதவும். தளர்ந்த வால்வை எந்தக் கஷாயமும் இறுக்கிவிடாது. இதைச் சொல்லாமல் மருந்து கொடுப்பது எனக்குப் பிடிக்காது.

அரிஷ்டம் வேண்டாம். வெல்லம் சேர்த்துப் புளிக்கவைப்பது அது. சர்க்கரையும் இருக்கும், தானாக ஊறிய ஆல்கஹாலும் இருக்கும். லேகியத்திலும் சர்க்கரை இருக்கும், அதுவும் வேண்டாம். மருதம்பட்டை பரம்பரையாக இதயத்துக்குக் கொடுப்பது; கால் தமனி அடைப்பைத் திறக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். சாப்பாட்டில் பூண்டு தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பூண்டு மாத்திரை, குக்குலு என்ற பிசின் மருந்து எல்லாம் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

எண்ணெய் போடலாம், அழுத்தி நீவக்கூடாது. புடைத்த சிரையைப் பிசைவது ஆபத்து. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். சஹசராதி தைலத்தை லேசாகச் சுடவைத்து, கணுக்காலிலிருந்து முழங்கால் நோக்கி, தோல் மட்டும் நகர்கிற அளவுக்குத் தடவுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கியிருந்தால் அதுவும் வேண்டாம். அட்டை விடும் சிகிச்சையைச் சிலர் சொல்வார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத காலில் அந்தக் கடிவாய் புண்ணாகி நிற்கும்.

வெந்நீரை இன்றோடு நிறுத்துங்கள். மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. இதமாக இருக்கிறது என்று நினைக்கும்போதே வெந்துவிடும், கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். குளிருக்குத் தளர்வான பருத்திச் சாக்ஸ் போதும். இறுக்கமான கம்ப்ரெஷன் சாக்ஸ் வெரிகோஸுக்கு நல்லதுதான், ஆனால் தமனி அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தைவிட உங்களுக்குப் பலன் தரப்போவது அசைவு. கவுன்டரில் நிற்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், அரை மணிக்கு ஒருமுறை இருபது தடவை. புடவை விரித்துக் காட்டும்போதும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போனதும் பதினைந்து நிமிஷம் காலை இதய மட்டத்துக்கு மேலே தூக்கிவைத்துப் படுங்கள். அப்புறம், கடையில் உட்காரக் கேட்கத் தயங்காதீர்கள். 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதியாகவே ஆக்கிவிட்டார்கள். அந்த ஸ்டூல் உங்கள் வைத்தியத்தில் ஒரு பகுதி.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால், அல்லது மூச்சு வாங்கினால், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கால் திடீரென்று வெளுத்து, குளிர்ந்து, தாங்க முடியாமல் வலித்தால் சில மணி நேரத்துக்குள் ரத்தத்தை மீண்டும் ஓடவைத்தால்தான் காலைக் காப்பாற்ற முடியும். அப்போது என்னைத் தேடி வர வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.